சாப்பாட்டைப் பேசாமலே சாப்பாட்டுச் சிக்கலைத் தொடும் பயிற்சி

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவி. காலையில் இரண்டு இட்லி, அதற்கு மேல் கிடையாது. சட்னி கூடாது, தட்டு மாறக் கூடாது, மணி 7:40 தாண்டிவிட்டால் அந்த வேளை சாப்பாடே கிடையாது. இன்னொருவர் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை ஊழியர். "இனிமே எண்ணெயில பொரிச்சது எதையும் தொடமாட்டேன்" என்று திங்கட்கிழமை முடிவெடுக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் கூட வேலை பார்ப்பவர் நீட்டிய ஒரு பஜ்ஜியைத் தின்றுவிடுகிறார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று அன்றிரவு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ், முட்டை, பிரியாணி என வயிறு வலிக்கும் வரை உள்ளே தள்ளுகிறார். அந்தப் பெண் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்கிறார், இவருக்கு எடை ஏறிக்கொண்டே போகிறது.

பார்த்தால் நேர்மாறான இரண்டு பிரச்சினைகள். ஆனால் இருவரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். தனக்குத் தானே போட்ட விதியைக் கொஞ்சம் வளைக்க இருவருக்கும் வரவில்லை. விதி முழுசாக நிற்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக உடைய வேண்டும். இருவர் வீட்டிலும் கிடைப்பது அறிவுரை. "நல்லா சாப்பிடு" என்று ஒரு வீட்டில், "வாயைக் கட்டு" என்று இன்னொரு வீட்டில். எதைச் செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் நன்றாகவே தெரியும். அதைச் செய்யவிடாமல் தடுக்கும் யோசிக்கும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அதை நேரடியாகப் பழக்குவதற்கு என்றே ஒரு பயிற்சி இருக்கிறது.

இதன் முதல் பாதிக்கு காக்னிடிவ் ரெமீடியேஷன் தெரபி என்று பெயர், சுருக்கமாக சி.ஆர்.டி. மூளையில் அடிபட்டவர்களுக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றை மீட்டுத்தர உருவான முறை அது. லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் மாட்ஸ்லி மருத்துவமனையிலும் பணிபுரியும் கேட் சாந்தூரியாவும் அவரது குழுவினரும் 2000-களில் அதை, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் அனோரெக்சியா நோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பிறகு உணர்ச்சிகளை அடையாளம் காண்பது, சொல்வது, தாங்குவது ஆகியவற்றையும் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்த வடிவத்துக்கு கிரெஸ்ட் என்று பெயர். தனியாளுக்கு வழக்கமாக 8 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 நிமிடம். குழுவாக நடத்தும்போது அமர்வுகள் இன்னும் குறையும். உடல் பருமனுக்கான வடிவம் ஆஸ்திரேலியாவில் உருவானது.

இதில் எல்லோரையும் வியக்கவைக்கும் விதி ஒன்று உண்டு. உணவு, எடை, உருவம் மூன்றும் தொடக்க அமர்வுகளில் பேச்சாகவே வராது. காரணம் எளிது. வீட்டில், உறவில், ஆஸ்பத்திரியில் என்று எங்கே போனாலும் சாப்பாட்டைப் பற்றியே சண்டை போட்டுக் களைத்தவர், அந்தச் சண்டை இல்லாத ஒரு அறையில்தான் உட்கார்ந்து யோசிப்பார். அமெரிக்காவில் அனோரெக்சியா உள்ள 46 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சி.ஆர்.டி. கட்டத்தில் பாதியில் விலகியவர்கள் 13 சதவீதம். அது இல்லாத குழுவில் 33 சதவீதம். அனோரெக்சியா சிகிச்சையில் ஆளைத் தக்கவைப்பதே பாதிப் போராட்டம் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

பயிற்சியைத் தொடங்குமுன் உடம்பைப் பார்த்தாக வேண்டும். மயக்கம், நெஞ்சு படபடப்பு, நடந்தாலே மூச்சு வாங்குவது, அடிக்கடி வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, செத்துவிடலாம் என்ற எண்ணம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போக வேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எந்த வேகத்தில் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர் எடை குறையட்டும் என்று ஊசியைத் தவிர்ப்பதும் இதே அளவு ஆபத்து. எடை கூடியவர்களுக்குத் தைராய்டு, சர்க்கரை, பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும். அதற்காக அவற்றைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீடுகளில் அதிகம் காயப்படுத்துவது இதுதான். "பிடிவாதம், திமிரு, கொழுப்பு" என்பார்கள். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப் பட்டினியாக உணவு கொடுத்து ஆராய்ந்தார். ஏறக்குறைய கால்பங்கு எடை குறைந்தது. அதற்கு முன் எந்த மனநோயும் இல்லாத அவர்கள் சாப்பாட்டைப் பற்றியே ஓயாமல் நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், உணவைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். பட்டினி மூளையையே இறுக வைக்கும். நாம் பிடிவாதம் என்று திட்டுவதில் ஒரு பெரும்பங்கு அந்த இறுக்கம். எனவே உடம்புக்கு உணவு போகப் போகத்தான் பயிற்சியும் முழுதாகப் பிடிக்கும்.

பயிற்சி தொடும் திறன்கள் மூன்று. ஒன்று, விதி மாறும்போது மனத்தை மாற்றிக்கொள்வது. இரண்டு, துண்டைப் பார்க்காமல் முழுமையைப் பார்ப்பது. மூன்று, உள்ளே என்ன உணர்ச்சி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது. உடல் பருமனுக்கு என்றால் இவற்றோடு திட்டமிடலும் உந்துதலை அடக்குவதும் சேரும்.

மாற்றிக்கொள்ளும் திறனிலிருந்து தொடங்குவோம். தாள், பேனா, சீட்டுக்கட்டு போதும்.

வெள்ளைத் தாளில் நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்ற சொற்களை மாற்றி மாற்றி 20 முறை எழுதுங்கள். சொல்லும் மையும் பொருந்தக் கூடாது: 'சிவப்பு' என்பது பச்சை மையில், 'நீலம்' என்பது மஞ்சளில். முதல் சுற்றில் சொல்லை வாசிக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது சுற்றில் எதிரே இருப்பவர் மேசையைத் தட்டும்போதெல்லாம் விதி மாறும். தட்டியவுடன் வரும் ஒன்றிரண்டு சொற்களில் நாக்கு பழைய விதிக்கே போகும். அந்தத் தடுமாற்றம்தான் இந்தப் பயிற்சிக்கு வேண்டிய மூலப்பொருள். அதைத் தாண்ட அவர் என்ன செய்தார்? வேகத்தைக் குறைத்தாரா, சொல்லின் மேல் விரலை வைத்தாரா, ஒரு மூச்சு விட்டாரா? அவரே கண்டுபிடித்த அந்த உத்தியைத் தாளின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்று: தாளில் 1 முதல் 12 வரை எண்களையும் அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்துகளையும் சிதறலாக எழுதி, 1-அ-2-ஆ-3-இ என்று மாறி மாறிக் கோடு இழுத்துச் சேர்ப்பது. எண்ணும் எழுத்தும் சரியாக 12-ஔவில் வந்து முடியும்.

சீட்டுக்கட்டில் ஜாக், குயின், கிங் மூன்றையும் எடுத்துவிட்டால் 40 சீட்டு மிஞ்சும். ஏஸை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர் மனத்துக்குள் ஒரு விதியை வைத்துக்கொள்வார்: நிறம், பூ (ஸ்பேடு, ஹார்ட் போன்ற வகை), அல்லது ஒற்றை-இரட்டை. சீட்டுகளைப் பிரித்து வைக்க வைக்க "சரி", "இல்லை" என்று மட்டும் சொல்வார். பத்து சீட்டு சரியாகப் போனதும் சொல்லாமல் விதியை மாற்றிவிடுவார். 1948-ல் அமெரிக்காவில் உருவான விஸ்கான்சின் சீட்டுப் பிரிப்புச் சோதனையின் எளிய வடிவம் இது. "இல்லை" என்று நான்கைந்து தடவை கேட்ட பிறகும் பழைய விதியையே சிலர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அப்போது "ஏன் மாத்தல?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். "மாத்தலாம்னு எப்ப தோணுச்சு? தோணினப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகள்தான் சிகிச்சை. சீட்டும் தாளும் அதற்கு ஒரு சாக்கு. 45 நிமிடத்தில் விளையாட்டு 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மிச்ச நேரம் மூன்று கேள்விக்கு: எப்படிச் செய்தீர்கள், அதிலிருந்து உங்கள் யோசிக்கும் பாணி பற்றி என்ன தெரிந்தது, தினசரி வாழ்க்கையில் இதே பாணி எங்கே தலைகாட்டுகிறது. கைபேசியில் மூளை விளையாட்டு ஆப் ஒன்றை இறக்கி மாதக்கணக்கில் ஆடினாலும் சாப்பாட்டுப் பழக்கம் மாறாததற்குக் காரணம் இந்தப் பேச்சு அங்கே இல்லை என்பதே. ஆப்பில் புள்ளி ஏறும், அவ்வளவுதான். மதிப்பெண் போடுவது, கடிகாரம் வைத்து நேரம் அளப்பது இரண்டும் இந்த அறையில் தீங்கு. உணவுக் கோளாறு உள்ள பலர் ஏற்கெனவே எதிலும் நூற்றுக்கு நூறு வாங்கத் துடிப்பவர்கள். இதையும் பரீட்சையாக்கினால் அந்த நோய்க்கே தீனி போட்டதாகும்.

முழுமையைப் பார்க்கும் திறனுக்கு நம்மிடம் அருமையான கருவி கோலம். இருவர் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். ஒருவர் கையில் ஒரு சிக்குக் கோலப் படம், இன்னொருவர் கையில் வெற்றுத்தாள். படத்தைக் காட்டாமல் வாயால் சொல்லி வரைய வைக்க வேண்டும். துண்டையே பார்க்கும் மனம் "மேலே ஒரு புள்ளி, அதுக்கு வலதுபக்கம் ஒரு வளைவு, அது கீழே வந்து…" என்று போகும். இரண்டு நிமிடத்தில் வரைபவர் தொலைந்துபோவார். "7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை, மொத்தத்தில் ஆறு மூலை நட்சத்திரம் மாதிரி, நடுவில் ஒரு பூ, ஆறு பக்கமும் ஒரே வளைவுதான் திரும்பத் திரும்ப வருது" என்று தொடங்கினால் வேலை பாதி முடிந்தது. இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்து, எது தனக்கு இயல்பாக வந்தது என்று அவரே கவனிக்க வேண்டும். துண்டைப் பார்க்கும் பார்வையும் ஒரு திறமைதான், கணக்குப் பார்ப்பவருக்கும் தையல்காரருக்கும் அது வேண்டும். வேண்டிய நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடிய வேண்டும், கேட்பது அவ்வளவே. கேரம் போர்டுக்குப் பெயர்போன நம் வடசென்னையில் இதை விளக்குவது சுலபம்: சிவப்புக் காயையே முறைத்துக்கொண்டிருப்பவருக்கு மூலையில் சும்மா விழக் காத்திருக்கும் இரண்டு வெள்ளை தெரியாது.

அடுத்த படி, நாளிதழில் அரைப்பக்கச் செய்தி ஒன்றைப் படித்து மூன்று வாக்கியத்தில் சொல்வது, பிறகு ஒரே வாக்கியத்தில், கடைசியாக நான்கு சொல்லில் தலைப்பு. எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான் இதில் கடினம். சிலருக்கு ஒரு விவரத்தை விடுவதே குற்றம் செய்தது போல இருக்கும். ஜவுளிக்கடைக்காரருக்கு இது எங்கே உதவுகிறது என்றால், ஒரு வாரத்தில் அவர் சாப்பிடும் 21 வேளையில் ஒரு வேளை தவறியது என்று பார்க்கப் பழகுவதில். அந்த ஒரு பஜ்ஜி அன்றைய நாள் முழுவதையும் மறைத்ததால்தான் மிச்ச ராத்திரி அப்படிப் போனது.

வழி சொல்லும் பயிற்சி இரண்டு திறனையும் சேர்த்துப் பழக்கும். திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று வழி சொல்ல வேண்டும். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வந்து அங்கிருந்து ஆட்டோ, திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகப் பஸ், மின்சார ரயில். பிறகு நிலைமையை மாற்ற வேண்டும்: கையில் இருபது ரூபாய்தான் இருக்கிறது, கூட நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், மழை கொட்டுகிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வேறு வழி தேடிப் பழகிய வியாசர்பாடிக்காரருக்கு நெகிழ்வு என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெருவில் இருக்கும் அந்தத் திறமை தட்டு முன்னால் உட்கார்ந்ததும் எங்கே போகிறது என்று கேட்டாலே போதும், நல்ல பேச்சு தொடங்கும்.

ஒவ்வொரு அமர்வும் ஒரு வீட்டுப்பாடத்தோடு முடியும், அதுவும் மிகச் சின்னதாக. கைக்கடிகாரத்தை மறுகையில் கட்டுவது, ரயிலில் வழக்கமாக உட்காராத பக்கம் உட்காருவது, பால் வாங்க அடுத்த தெருக் கடைக்குப் போவது, பாத்திரம் அடுக்கும் வரிசையை மாற்றுவது. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. செய்ய நினைத்தாலே வரும் பதற்றத்தை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னால் 3 அளவில் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் பயனில்லை, 7 என்றால் செய்யமாட்டார். அதிகம் தவறுவது இங்கேதான். ஆர்வக்கோளாறில் பயிற்றுநரோ வீட்டாரோ முதல் வாரமே "காலை டிபனை மாத்திப் பாரு" என்பார்கள். அத்தோடு நம்பிக்கை போய்விடும். மூன்று நான்கு அமர்வுக்குப் பின், உணவின் ஓரத்தைத் தொடலாம்: வேறு தட்டு, வேறு இடம், பத்து நிமிடம் முன்பின் நேரம். உணவையே மாற்றுவது சிகிச்சைக் குழுவின் திட்டப்படி மட்டும். அனோரெக்சியாவில் அது கூடுதல் வகை, கூடுதல் அளவு என்ற திசையில்தான் போகலாம்.

இனி உணர்ச்சிப் பகுதி. நம் ஊரில் இதற்குத்தான் அதிக நேரம் வேண்டியிருக்கிறது. "எப்படி இருக்கு?" என்றால் "டென்ஷனா இருக்கு", "கடுப்பா இருக்கு", "ஒரு மாதிரி இருக்கு" என்று நிற்கும். அந்த ஒரு மாதிரிக்குள் பயமும் இருக்கலாம், அவமானமும் இருக்கலாம், தனிமையும் இருக்கலாம், வெறும் தூக்கக் குறைவாகவும் இருக்கலாம். எதுவென்று பிரித்துப் பார்க்கத் தெரியாதபோது கைக்கு அகப்படும் தீர்வு ஒன்றுதான்: ஒருவர் சாப்பிட்டு அமுக்குகிறார், இன்னொருவர் சாப்பிடாமல் அமுக்குகிறார். பட்டினி உணர்ச்சியை மரத்துப்போக வைக்கும். அனோரெக்சியா உள்ளவர்களில் பலர் உணவு உள்ளே போகத் தொடங்கியதும் அழுகையும் கோபமுமாக ஆவது இதனால்தான். வீட்டார் அதை மோசமாகிவிட்டது என்று நினைத்து சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.

தொடக்கம் கஷ்டமான உணர்ச்சியில் அல்ல. முதல் வாரம் நல்ல உணர்ச்சிகளை மட்டும் பிடிக்க வேண்டும். சாயங்காலம் கடல் காற்று பட்டபோது ஒரு நிமிடம் லேசாக இருந்தது, தம்பி ஏதோ சொல்லிச் சிரித்தபோது மார்பு தளர்ந்தது, இந்த அளவுக்குச் சின்னவை. தினமும் இரண்டு எழுதினால் போதும். பாதுகாப்பான இடத்தில் பழகினால்தான் பயமுள்ள இடத்துக்குப் போகத் தெம்பு வரும்.

அடுத்து உடம்பின் வரைபடம். தாளில் ஆள் உருவம் ஒன்றை வரைந்து, கோபம் வந்தால் எங்கே தெரிகிறது, பயம் எங்கே, வெட்கம் எங்கே என்று நிறம் தீட்ட வேண்டும். தாடை இறுகுவது, காது சூடாவது, தொண்டை அடைப்பது, வயிறு பிசைவது. பிறகு குறிப்பேடு. ஆறு கட்டம்: மணி, என்ன நடந்தது, உடம்பில் எங்கே, உணர்ச்சியின் பெயர், எவ்வளவு பலம் என்று 0 முதல் 10 வரை, என்ன வேண்டியிருந்தது. அந்தக் கடைசிக் கட்டம்தான் இதன் உயிர். கோபம் வந்தால் எல்லை மீறப்பட்டிருக்கிறது, அதைத் தடுக்க வேண்டும். சோகம் என்றால் எதையோ இழந்திருக்கிறோம், துணை வேண்டும். பயம் பாதுகாப்பைக் கேட்கிறது. குற்ற உணர்வு சரிசெய்யச் சொல்கிறது. அவமானம் வந்தால் நம்மைத் தள்ளிவிடாத ஓர் ஆள் வேண்டும். இவற்றில் எதற்கும் பிரியாணி விடையல்ல, பட்டினியும் விடையல்ல.

ஜவுளிக்கடைக்காரரின் புதன்கிழமையை அந்தக் கட்டங்களில் போட்டுப் பார்ப்போம். மதியச் சாப்பாடு 3:30-க்கு, அதுவும் அரைகுறை. 6 மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் முதலாளி சத்தம் போட்டார். காது சூடானது, கண்ணில் தண்ணீர் முட்டியது. பெயர்: அவமானம் 8, கோபம் 5. வேண்டியிருந்தது: யாராவது "நீ சரியாத்தான் செஞ்சே" என்று சொல்வது, கொஞ்சம் உட்காருவது. (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லிருந்து சட்டமே இருக்கிறது.) கிடைத்தது ஒரு பஜ்ஜி. இப்படி எழுதியதும், எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் இருந்த பழி தானாக இறங்குகிறது. அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு கடுமையான டயட் அல்ல என்பதும் தெரிகிறது.

குறிப்பேட்டில் இரண்டு தவறு வழக்கமாக வரும். ஒன்று, எண்ணத்தை உணர்ச்சி என்று எழுதுவது. "நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு ஃபீல் ஆகுது" என்பது எண்ணம். அதற்கு அடியில் இருக்கும் சோகமோ அவமானமோ பயமோதான் உணர்ச்சி. இரண்டு, ராத்திரி படுக்கும்போது மொத்தமாக எழுதுவது. அதற்குள் உடம்பின் அடையாளம் மறந்துபோயிருக்கும், தீர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். நடந்து அரை மணிக்குள் கைபேசியில் மூன்று சொல் குறித்துவைத்தால் போதும். சாப்பிட்ட அளவு, கலோரி எதுவும் இந்தக் குறிப்பேட்டுக்குள் வரக் கூடாது.

கடைசியாக, உணர்ச்சியை வாய்விட்டுச் சொல்வது. மூன்று பகுதி: நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, என்ன வேண்டும். மாமியாரிடம் என்றால், "அத்தே, எல்லார் முன்னாடியும் என் ஒடம்பப் பத்திப் பேசும்போது எனக்கு அவமானமா இருக்குது. ஏதாச்சும் சொல்லணும்னா தனியா கூப்ட்டு சொல்லுங்க." அமர்வில் இதைச் சத்தமாகப் பேசி ஒத்திகை பார்க்க வேண்டும், பயிற்றுநர் அத்தையாக நடிக்க வேண்டும். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது பயன்படாது, எதிரே முகம் மாறும்போது வாய் அடைத்துவிடும். முதல் தடவையே மாமியாரிடம் போகவும் வேண்டாம், தோழியிடமோ தங்கச்சியிடமோ சின்ன விஷயத்தில் தொடங்கலாம்.

உடல் பருமனுக்கு இந்தப் பயிற்சி தரும்போது திட்டமிடல் தனி இடம் பிடிக்கிறது. மணலி, எண்ணூர் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு வேலை முடிந்து, தூக்கமில்லாமல், பசியோடு டிபன் கடை முன்னால் நிற்கும்போது எந்த மனிதராலும் நல்ல முடிவு எடுக்க முடியாது. மன உறுதி போதவில்லை என்று அவரைத் திட்டிப் பயனில்லை, முடிவெடுக்கும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். முதல் நாள் மதியமே, வயிறு நிறைந்திருக்கும்போது, "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்று எழுதி வைப்பது: "ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், பையில் இருக்கும் சுண்டலையும் வாழைப்பழத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்." தடங்கல் வந்தால் என்ன என்பதற்கும் ஒரு வரி: "சுண்டல் எடுக்க மறந்தால் கடையில் இரண்டு இட்லி, உட்கார்ந்து சாப்பிடுவேன்." ஒரு வாரத்துக்கு இப்படி ஒரு வரி போதும். ஐந்து வரி எழுதினால் ஐந்தும் நிற்காது. கூடவே, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. அளவு மீறித் தின்னும் இரவுகளில் பெரும்பாலானவை அன்று பகலில் விட்ட வேளையிலிருந்தே தொடங்குகின்றன.

உந்துதல் வந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடும் பயிற்சியும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் குறிப்பேட்டின் ஆறு கட்டத்தை நிரப்பலாம், அதன்பின் சாப்பிடுவதும் விடுவதும் அவர் விருப்பம். இது அளவு மீறித் தின்பவருக்கு மட்டுமே. அனோரெக்சியா உள்ளவருக்கோ, சாப்பிடாமல் இருந்துவிட்டு மொத்தமாகத் தின்பவருக்கோ சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கற்றுக்கொடுப்பது நோய்க்கு ஆயுதம் கொடுப்பது. அவர்களுக்குப் பசியையும் நம்ப முடியாது. கடிகாரம் சொன்னால் சாப்பிட வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், உடல் பருமன் உள்ள 80 பேரில் பயிற்சி பெற்றவர்களுக்கு நெகிழ்வுத் திறனும் கூடியது, எடையும் மற்றவர்களைவிட அதிகம் குறைந்தது. அது ஒரு நல்ல தொடக்கம், ஆனால் ஒரு ஆய்வை வைத்துப் பெரிய வாக்குறுதி தர முடியாது. அனோரெக்சியாவில் இந்தப் பயிற்சியால் மட்டும் எடை ஏறிவிடாது. முறையான சிகிச்சையோடு சேர்க்கும்போதுதான் பயன். வளரிளம் வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தை முன்னிறுத்தும் சிகிச்சையே முதலில். எட்டு அமர்வில் "குணமாக்கிவிடுவோம்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

வீட்டாருக்கு: தட்டையும் எடை மெஷினையும் காவல் காக்கும் வேலையைப் பயிற்சியோடு கலக்காதீர்கள். "இன்னிக்கு வாச்சை மாத்திக் கட்டினியா?" என்று கேட்க ஆரம்பித்தால் அதுவும் ஒரு விதியாகிவிடும். கோலத்தையோ சீட்டையோ நீங்களும் சேர்ந்து செய்யுங்கள், அவர்களைவிட அதிகமாகத் தடுமாறுங்கள், அது நல்லது. "குண்டு", "ஒல்லிப்பிச்சான்", "ஒரு சுத்து பெருத்துட்டே" எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்துங்கள். "பரவாயில்லையே, முகம் தெளிஞ்சிருக்கே" என்ற பாராட்டுகூட அனோரெக்சியா உள்ளவர் காதில் "குண்டாயிட்டே" என்றே விழும். உடம்பைப் பற்றிய பேச்சே இல்லாத ஒரு மணி நேரம் தினமும் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம். 1794-ல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. ஓ.பி.யில் "கிரெஸ்ட் இருக்கா?" என்று கேட்பதைவிடத் தேவையைச் சொல்லிக் கேட்பது பலன் தரும்: "டாக்டர், சாப்பாட்டு விதியை என்னால மாத்திக்கவே முடியல. உணர்ச்சி வந்தா சாப்பிடறேன், இல்லன்னா சாப்பாட்டையே விட்டுடறேன். அதுக்குப் பயிற்சி தர்ற கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கணும்." தனியாரிடம் போனால் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, பெண்களாக இருந்தால் கடைசி மாதவிலக்கு தேதி, மயக்கமோ வாந்தியோ வந்த நாட்கள், இந்த வாரம் எழுதிய குறிப்பேட்டில் இரண்டு பக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் அவசரத்தில் எல்லாம் சொல்ல வாய்க்காது, அந்த இரண்டு பக்கத்தை டாக்டர் கையில் கொடுத்துவிடலாம்.